முழுமூளை வலிப்பின் மரபணுக் காரணங்கள்

வலிப்பு தொடங்கும்போதே மூளையின் இரு பாதிகளும் சேர்ந்து ஈடுபடும் நோய்வகையே முழுமூளை வலிப்பு. பேசிக்கொண்டிருக்கும் குழந்தை பாதி வாக்கியத்தில் நின்று, சில நொடிகள் வெறித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் தொடர்வது அதில் ஒரு வடிவம். பதின்வயதில், காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெட்டி இழுத்து, பிடித்திருந்த டம்ளர் தெறித்து விழுவது இன்னொரு வடிவம். ஸ்கேனில் கட்டியோ தழும்போ தென்படாத இவ்வகைகளுக்கு மரபணுக்களே முதன்மைக் காரணம். ஆனால் மரபணுவால் வருவதெல்லாம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குவதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் நோயாளிகள் பெரும் கொடுமைகளை அனுபவித்திருக்கிறார்கள்.

இந்நோய் தெய்வக் குற்றமல்ல, மூளையில் எழுவது, குடும்பவழி வருவது என்று கி.மு. 400 அளவிலேயே ஹிப்போகிராட்டஸ் மரபினர் எழுதினர். 1935இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும், குழந்தை வெறித்து நிற்கும் அந்த நொடிகளில் நொடிக்கு மூன்று முறை எழும் கூர்முனை அலைகளை, மூளையின் மின் அலைகளை வரையும் இ.இ.ஜி.யில் பதிவு செய்தனர். பின்னர் லெனாக்ஸ் இரட்டையரை ஆராய்ந்தார். ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, இருகரு இரட்டையரைவிட மிக அதிகமாக இருந்தது. ஆனால் ஒருகரு இரட்டையரிலும் சிலருக்கு நோய் வரவில்லை. மரபணு மட்டுமே விதியல்ல என்பதற்கு இதுவே சான்று. அரசுகளோ அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. 1933இல் நாஜி ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம், பரம்பரை வலிப்பையும் தன் பட்டியலில் சேர்த்தது.

ஒரே மரபணுவைத் தேடிய காலம் அடுத்து வந்தது. காய்ச்சல் வலிப்பும் முழுமூளை வலிப்பும் கலந்து வரும் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தில், நரம்பணுவில் மின்துடிப்பை எழுப்பும் சோடியம் கால்வாயின் துணைப் புரதத்தை உருவாக்கும் எஸ்சிஎன்1பி மரபணுவில் ஒரு பிழை 1998இல் கண்டறியப்பட்டது. அப்புரதத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய ஓரிடத்தில் டிரிப்டோபன் அமர்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புரதத்தின் மடிப்பைக் கட்டிவைக்கும் கந்தகப் பிணைப்பு அறுந்துபோனது. 2001இல், கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடும் வலிப்பான டிராவே நோய்க்குறியுள்ள குழந்தைகளிடம், சோடியம் கால்வாயையே உருவாக்கும் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பிழை தென்பட்டது. பெற்றோரிடம் அது இல்லை. குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருந்தது. கால்வாய் செயலிழந்தால் மின்துடிப்பு குறையத்தானே வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது? அக்கால்வாயைப் பெரிதும் நம்பியிருப்பவை மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் அணுக்கள். அவை சோர்ந்தால் மூளைக்கு பிரேக் பிடிக்காது. இவையெல்லாம் அரிய குடும்பங்களின் கதை. பரவலான வகைகளுக்கும் ஒற்றை மரபணு கிடைத்துவிட்டதாக வந்த அறிவிப்புகள் பல நிலைக்கவில்லை. சிஎல்சிஎன்2 என்ற மரபணுவைப் பற்றிய 2003ஆம் ஆண்டுக் கட்டுரை 2009இல் திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தோல்விகளைக் காட்டி மரபணுக் கொள்கையே பொய் என்போர் உண்டு. 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதற்குப் பதில். ஏறத்தாழ 30,000 நோயாளிகளையும் 52,000க்கு மேற்பட்ட பிறரையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, மரபுத்தொகுதியில் வலிப்புடன் தொடர்புள்ள 26 இடங்களைக் கண்டது. அவற்றில் 19 முழுமூளை வலிப்புக்கு மட்டுமே உரியவை. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பல சேர்ந்தால்தான் நோயின் எல்லையைத் தொடும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வருவதன் காரணம் இதுவே. நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்தான். ஆனாலும் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நோய் வருவதில்லை.

இந்தியாவில் 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக்கியது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறியும் பெண் பார்க்க வருபவர்களிடம் நோயை மறைப்பதும், புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்குவதும், பயந்து நிறுத்திவிடுவதும் தொடர்கின்றன. பிள்ளைக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்துக்குக் கிடைக்கும் கவனம், கர்ப்பத்தில் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தை உட்கொண்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை நேரும் என்ற உண்மைக்குக் கிடைப்பதில்லை. மரபணுவை மாற்ற இயலாது. மாத்திரையை, கருத்தரிக்கும் முன்பே மருத்துவரின் துணையோடு மாற்றலாம்.