பந்தயத் திடலில் போர் விமானங்கள்

காரைக்காலும் உலகப்போரில் இருந்ததுன்னு சொன்னால் ஊருக்குள்ளேயே சிரிக்கிறார்கள். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். அதோடு நாங்களும் நேசநாட்டுக்காரர்கள். ஆனால் இந்தக் கடலுக்குப் போர் வந்த கதையைப் பேசக் கொழும்புக் கறுவாத்தோட்டத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

அங்கே 1893இல் அமைந்த குதிரைப் பந்தயத் திடலை 1942இல் ஓடுபாதையாக்கினார்கள். துரைமார் பணம் கட்டி விளையாடிய புல்தரையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 258ஆம் அணியின் ஹரிக்கேன்கள் நின்றன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பானியர் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத்தளத்தையும் தாக்கினர். பந்தயத் திடல் அவர்கள் கணக்கிலேயே இல்லை. மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அதிகாரத்தின் பழைய மயக்கம். இங்கே கேளிக்கை இடமே கவசமாகிவிட்டது. (திடல்தான் தப்பியது. அங்கிருந்து கிளம்பிய 14 ஹரிக்கேன்களில் பாதிக்குமேல் அழிந்தன.) மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, அந்த ஏப்ரலில் மெட்ராஸ்காரர்கள் கூட்டம்கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

போர் முடிந்ததும் குதிரைகள் திரும்பின, 1956 வரைக்கும். 2010களில் பார்வையாளர் மாடத்தைப் புதுப்பித்துக் கடைகள் வைத்தார்கள். திடல் ரக்பி மைதானமாயிற்று. ஆக, காப்பாற்றப்பட்டது உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களின் மாடம். விமானம் ஓடிய மண்ணுக்கு வாடகை வராது இல்லையா? அந்த ஞாயிறன்று துறைமுகத்தில் மூழ்கிய ஹெக்டர், டெனடோஸ் கப்பல்களின் பெயர்கள் போர் வரலாறுகளில் இருக்கின்றன. அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அவற்றில் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்.