மின்தோல்: தொடுகையை அளக்கப்போய்...

கொஞ்ச நாளாக மின்தோல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வருஷ வாரியாக அடுக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மின்தோல் என்றால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினோம் என்பதை மின்சாரமாகச் சொல்லும், வளையக்கூடிய சென்சார் தாள். செய்திகளில் இது வரும்போதெல்லாம் 'எவ்வளவு நுட்பமாக உணர்கிறது பாருங்கள்' என்பதுதான் பேச்சு. வரிசையாகப் படித்தபோது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. உணர்வது பாதி வேலைதான். போட்டுக்கொண்டவரின் உணர்வைக் கெடுக்காமல் இருப்பது மீதிப் பாதி. அந்த மீதிக்குத்தான் ரொம்ப நாள் பிடித்திருக்கிறது.

ஆரம்பத்தில் இது மனுஷனுக்கே இல்லை, ரோபோவுக்கு. 2004-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா குழு வெளியிட்ட கட்டுரை, வீட்டு வேலை செய்யும் ரோபோவுக்குத் தோல் வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. கார்பன் கலந்த ரப்பரை அழுத்தினால் உள்ளே துகள்கள் நெருங்கும், மின்தடை குறையும். இது பழைய சங்கதி. சிக்கல் ஒயரில் இருக்கிறது. 32-க்கு 32 என்று ஒரு சதுரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,024 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் ரோபோ கை நகராது. வரிசைக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று என்று போட்டால் 64 போதும். உங்கள் கீபோர்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் பக்கத்துப் புள்ளியின் மின்சாரம் கலந்துவிடாமல் இருக்க, புள்ளிக்கு ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். கெட்டியான சிலிக்கான் சில்லு வளையாது. சோமேயா குழு கரிமப் பொருளில் டிரான்சிஸ்டர் செய்தது. வேகத்தில் அது சிலிக்கானுக்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தாலென்ன, தொடுகைக்கு அவ்வளவு வேகம் எதற்கு? அந்தத் தாளை 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள கம்பியில், அதாவது பென்சிலைவிட ஒல்லியான கம்பியில், சுற்றினாலும் வேலை செய்தது.

2010-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு ரப்பர் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பிரமிடுகளை வார்த்தது. கெட்டி ரப்பர் லேசில் அமுங்காது, அமுங்கினால் திரும்ப எழவும் நேரம் எடுக்கும். பிரமிடுகளுக்கு நடுவே காற்று இருப்பதால் சட்டென்று அமுங்கி சட்டென்று எழும். 20 மில்லிகிராம் ஈ உட்கார்ந்ததைக்கூட அது சொல்லிவிட்டது. அழுத்தம் வெறும் 3 பாஸ்கல்! ஈ கதை எல்லா ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது. நுட்பம் என்ற கணக்கில் பார்த்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மறு வருஷமே இல்லினாயில் ஜான் ரோஜர்ஸ் குழு, குழந்தைகள் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ ஸ்டிக்கர் மாதிரி மின்சுற்றை மனிதத் தோலில் ஒட்டிக் காட்டியது. அது அளந்தது இதயம், தசை, மூளையின் மின்குறிகளை. அழுத்தத்தை அளப்பது அதன் முக்கிய வேலை இல்லை. ஆனாலும் கேள்வியையே அது மாற்றிவிட்டது. ரோபோவுக்கு வியர்க்காது, அரிக்காது. நமக்கு?

2013-ல் சோமேயா குழு 1 மைக்ரான் பிளாஸ்டிக் தாளில் சுற்று செய்தது. சதுர மீட்டருக்கு 3 கிராம். நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் வரும். இவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது பிளாஸ்டிக்தானே, வியர்வை வெளியே போக வழியில்லை. 2017-ல் அதே குழு செய்த காரியம் இந்த மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது. தாளையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹாலை நூலாம்படை மாதிரி வலையாக நூற்று, அதன்மேல் தங்கத்தைப் படியவைத்தார்கள். வலையைத் தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் நூல் கரைந்துவிடும். தங்கம் மட்டும் ரேகைகளின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். 20 பேர் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள், யாருக்கும் தோல் அழற்சி வரவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சன் என்ற நரம்பியலாளர். ஒரு உள்ளங்கையிலும் விரல்களிலுமாகத் தொடுகை நரம்புகள் சுமார் 17,000 இருக்கும் என்று 1979-ல் அவரும் ஓகே வால்போவும் மதிப்பிட்டார்கள். 1984-ல் உப்புத்தாள், மெத்தென்ற தோல், பட்டு என மூன்று மேற்பரப்புகளை மாட்டிய பொருளைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார் யோஹான்சன். பட்டு வழுக்கும் என்பதால் விரல் தானாகவே இறுக்கிப் பிடிக்கிறது. உப்புத்தாள் என்றால் தளர்த்துகிறது. யோசித்துச் செய்வதில்லை, நொடியில் ஒரு சிறு பங்கில் நடந்துவிடுகிறது. விரல்நுனியை மரத்துப்போகச் செய்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது.

இதை மின்தோலோடு சேர்த்துப் பாருங்கள். விரல்நுனியில் சென்சார் ஒட்டினால் உணர்வு மங்கும். மங்கினால் கை கூடுதலாக இறுக்கும். சென்சார் அந்தக் கூடுதலைத்தான் அளந்து தரும். கருவியில் கோளாறே இருக்காது, எண் துல்லியமாகவே வரும். ஆனால் அது வெறுங்கையின் எண் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு டம்ளர் பிடிக்கப் பழகும் ஒருவரின் கையை இப்படி அளந்து, அந்த எண்ணை வைத்துப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? சில மைக்ரான் படலமே பிடியை மாற்றிவிடுகிறது, கையுறை கதையைச் சொல்லவே வேண்டாம்.

2020-ல் சோமேயா குழு அந்த நுண்வலையிலேயே அழுத்த சென்சார் செய்து விரல்நுனியில் வைத்தது. அவர்கள் முதலில் சரிபார்த்தது, சென்சார் இருக்கும்போதும் இல்லாதபோதும் பிடியின் விசை ஒன்றாக இருக்கிறதா என்பதை. ஒன்றாகத்தான் இருந்தது. 3 பாஸ்கல் ஈயைவிட இந்தச் சோதனைதான் பெரிய முன்னேற்றம் என்பேன். செய்தியாக இது அவ்வளவு எடுபடாது என்பது வேறு விஷயம்.

ஆனால் இது விரல்நுனிக்கு ஒரு சென்சார். 17,000 எங்கே, ஒன்று எங்கே! கூட்டினால் மறுபடி ஒயர் பிரச்சினைதான். அதற்குச் சிங்கப்பூரில் பெஞ்சமின் டீ குழு 2019-ல் ஒரு வழி காட்டியது. வரிசையாக ஒவ்வொன்றையும் கேட்காமல், 240 சென்சார்களும் ஒரே கம்பியில் தத்தம் தனி முத்திரையோடு, நினைத்தபோது துடிப்பு அனுப்பும். அந்தக்கால சிடிஎம்ஏ போன் மாதிரியான உத்தி. இப்போதைக்கு அது ரோபோவுக்கும் செயற்கைக் கைக்கும். ஒரே கம்பியில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்ற கணக்கு சுவாரசியமானது, நம்ம ஏரியாவும்கூட. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.