உயரமும் பரப்பும்: வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்தின் நகர்த்தோற்றம்

உயர்ந்த கட்டடங்களைக் கொண்டு ஒரு நகரின் செல்வத்தை அளவிடுவது நகர வரலாற்றாய்வில் வழக்கமாகும். சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் இவ்வழக்கிற்குப் பொருந்துகிறது. காப்பீட்டு மூலதனம் அங்கு உயரமாக வெளிப்பட்டது. வேலூர் – ஆம்பூர் வட்டாரம் இதற்கு மாறானது. வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் விஜயநகரக் கால அதிகாரத்தை உணர்த்துகிறது. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனை இன்று பன்மாடிக் கட்டடங்களாக வளர்ந்துள்ளது. ஆனால், பல தலைமுறைகளுக்கு வாழ்வளித்த தோல் தொழில் உயரத்தை நாடவில்லை. சுண்ணாம்புத் தொட்டிகளுக்கும் நீரில் ஊறிய கனத்த தோல்களுக்கும் தரைத்தளமும் மிகுந்த நீரும் தேவைப்பட்டன. எனவே தொழிற்கூடங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனப் பாலாற்றையொட்டிப் பரவின. அவற்றின் சுவடு வானில் அன்று, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பதிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு அடிப்படையானது இச்சுவடே. ஆகவே, கட்டட உயரத்தை மட்டும் நோக்கும் ஆய்வு, இவ்வட்டாரம் ஈட்டியதையும் அதற்கு விலையாக இழந்ததையும் ஒருசேரத் தவறவிடும்.