படிக்க எழுதிய நாடகம் பாட்டானது

கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் இறங்கினால், சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. ஓர் ஆங்கிலக் கதை தமிழ் இசைப்படமானது இந்த நிறுவனத்தில்தான்.

லிட்டன் பிரபுவின் கதையைத் தழுவி, பெ.சுந்தரம் பிள்ளை 1891-ல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார். மேடைக்கல்ல, படிப்பதற்கான செய்யுள் நாடகம். 1897-ல் அவர் மறைந்தார். 1942-ல் டி.ஆர்.சுந்தரம் அதை 'மனோன்மணி' என்று படமாக்கினார். நாயகன் பி.யு.சின்னப்பா, நாடகக் கம்பெனியில் பாடி வளர்ந்தவர். பாட்டு இல்லாமல் விடுவார்களா!

1945-ல் லண்டனிலும் இதே கதைதான். பிரிட்டன் (இசையமைப்பாளரின் பெயரே அதுதான்) கிராப் எழுதிய 1810-ஆம் வருடக் கவிதையை 'பீட்டர் கிரைம்ஸ்' ஆபெராவாக்கினார். கவிதையில் கொடியவனான மீனவன், மேடையில் ஊரே ஒதுக்கிய பரிதாபமானவன் ஆகிவிட்டான்.

மனோன்மணீயத்தில் இன்று எல்லோருக்கும் தெரிந்ததும் பாட்டுதான்: எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில், 1970-ல் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக்கிய அதன் முகப்புப் பாடல்.