நொடிப்பு வழக்கு ஆவணங்களைத் தேடலும் பெறலும்: திருவரங்குளத்தை நிலைக்களனாகக் கொண்ட ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கடனைத் தீர்க்க இயலாத ஒருவரின் சொத்துகளை நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுத்து, அவற்றிலிருந்து கிடைப்பதைக் கடன் கொடுத்தோர்க்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கும் முறையை நொடிப்பு நடவடிக்கை என்கிறோம். அந்நடவடிக்கையின் போது நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனு, இணைக்கப்படும் பட்டியல்கள், பிறப்பிக்கப்படும் ஆணைகள், சொத்துகளைப் பொறுப்பேற்க நீதிமன்றம் அமர்த்தும் ரிசீவரின் அறிக்கைகள், பதிவேட்டுக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் நொடிப்பு ஆவணங்கள் என்னும் ஒரே பெயரால் இங்குக் குறிக்கிறோம். 'கடன்காரர்' என்ற சொல் வழக்கில் இரு தரப்பையும் சுட்டுவதால் அதை விலக்கி, கடன்பட்டவர், கடன் கொடுத்தவர் என்றே எழுதுகிறோம்.

ஆய்வின் நிலைக்களன் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்துத் திருவரங்குளம். கடன் உறவுகள் பெரும்பாலும் அறிமுகமானவர்களுக்கிடையே புரோநோட்டாகவும் கைமாற்றாகவும் சீட்டாகவும் நிகழும் ஊர்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஊர்களில் நொடிப்பு வழக்கு என்பது 'மஞ்சள் நோட்டீஸ்' வடிவில்தான் மக்களை வந்தடைகிறது. "ஐ.பி. கொடுத்துவிட்டார்" என்ற ஒரு வாக்கியத்தோடு கொடுத்த பணம் போனதாகவே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐ.பி. என்பது நொடிப்பு மனு மட்டுமே. மனு வேறு, ஆணை வேறு. ஆணைக்குப் பின் வரும் விடுவிப்பும் நீக்கமும் வேறு. இவ்வேறுபாட்டை ஆவணங்களின் வழியே அறியும் முறையை வகுத்துரைப்பதே நம் நோக்கம்.

2. இவ்வாவணங்கள் பொதுவானவையாக இருப்பதன் காரணம்

சாதாரண உரிமையியல் வழக்கின் தீர்ப்பு அவ்வழக்கின் தரப்பினரையும் அவர்கள் வழியாக உரிமை கோருவோரையும் கட்டுப்படுத்தும். நொடிப்புத் தீர்ப்பின் இயல்பு அதுவன்று. ஒருவருக்குச் சட்ட நிலை ஒன்றைத் தருகின்ற அல்லது அதிலிருந்து அவரை நீக்குகின்ற இறுதித் தீர்ப்பு, அந்நிலையைப் பொறுத்தவரை எல்லோருக்கும் எதிராக முடிவான சான்று என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 41-ஆம் பிரிவில் வகுத்த நெறி. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமமும் அதே நெறியைத் தொடர்கிறது. இவ்வகைத் தீர்ப்பை நாம் அனைவரையும் கட்டும் தீர்ப்பு என்போம். வழக்கில் அழைக்கப்படாதவரையும் அது கட்டுமாயின், அதைப் பார்த்தறியும் வழி அவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆவணங்களின் பொதுத்தன்மை இந்த ஒரே காரணத்திலிருந்து பிறக்கிறது. ஊராருக்கு வேடிக்கை காட்டுவது அதன் நோக்கமன்று.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. நொடித்தவர் என்று தீர்மானிக்கப்பட்டு விடுவிப்புப் பெறாதவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ உறுப்பினராக முடியாது என்று அரசியலமைப்பின் 191, 102 ஆகிய உறுப்புகள் கூறுகின்றன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவரைத் தகுதியற்றவர் என்கிறது. ஆகவே ஊராட்சித் தேர்தலில் வேட்புமனுவை ஆராயும் வேளையிலும் இவ்வாவணம் தேவைப்படுகிறது.

3. கடன்பட்டவரின் வகையும் அமைப்பும்

தேடலின் முதற்படி, கடன்பட்டவர் எவ்வகையினர் என்று தீர்மானிப்பது. அவ்வகைதான் எந்த அமைப்பில் தேடுவது என்பதை நிர்ணயிக்கிறது.

கம்பெனியாயின் 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாட வேண்டும். ஆணைகள் தீர்ப்பாயத்தின் தளத்திலும், பொது அறிவிப்புகள் 2016 அக்டோபர் 1 அன்று நிறுவப்பட்ட இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவ்வகை எளிது, இதில் நாம் நிற்கவில்லை.

தனிமனிதராயின் நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிமனிதர்க்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப் பொறுப்பேற்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏனையோர்க்குப் பழைய சட்டங்களே தொடர்கின்றன. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டின் மாநிலத் தலைநகர் நொடிப்புச் சட்டம். அங்கு உயர் நீதிமன்றமே நொடிப்பு நீதிமன்றம். அஃபிஷியல் அசைனி என்னும் அலுவலர் சொத்துகளை ஏற்பார். வங்கி நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று கதவடைத்துச் சென்னையைக் கலக்கிய மூன்றாம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அது. பிற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். திருவரங்குளத்து விவசாயி, மளிகைக் கடைக்காரர், ஆசிரியர் எவராயினும் இன்றும் இந்த நூற்றாண்டுப் பழமையான சட்டத்தின் கீழேயே வருவர்.

இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றமே நொடிப்பு நீதிமன்றம். கீழ் நீதிமன்றங்களுக்கு மாநில அரசு அவ்வதிகாரத்தை வழங்கலாம். தமிழ்நாட்டில் சார்பு நீதிமன்றங்கள் இம்மனுக்களை விசாரிக்கின்றன. ஆகவே திருவரங்குளத்தாருக்குத் தேடல் புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் தொடங்கும். அங்கேயே முடிந்துவிடும் என்று கொள்ளலாகாது. கடன்பட்டவர் வழக்கமாக வசிக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், ஊதியத்துக்கு உழைக்கும் இடம், கைதாகியிருப்பின் காவலில் உள்ள இடம் ஆகிய எதிலும் மனுவை இடலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. ஊரில் வீடும் திருச்சிராப்பள்ளியில் கடையும் உடையவரை இரு மாவட்டங்களிலும் தேட வேண்டும். சிங்கப்பூரில் பிழைக்கச் சென்றவரைப் பற்றிய ஐயமாயின், அந்நாட்டுச் சட்ட அமைச்சகத்தின் நொடிப்பு அலுவலகம் கட்டணத்துக்குத் தேடல் வசதி தருகிறது.

4. வழக்கின் நிலைகளும் அவற்றின் ஆவணங்களும்

நிலைகளை அறியாமல் ஆவணம் கேட்பவர் தவறான தாளோடு திரும்புவார். நம் ஆய்வின் மையப் பகுதி இதுவே.

முதல் நிலை மனு. அதற்கு அடிப்படை நொடிப்புச் செயல் எனப்படும். கடன் கொடுத்தோரை ஏமாற்றும் எண்ணத்தோடு சொத்தை மாற்றுதல், அவர்களுக்கு எட்டாதவாறு வீட்டைவிட்டு அகலுதல், நிறைவேற்று நடவடிக்கையில் சொத்து விற்கப்படுதல், கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தல் முதலியவற்றை 6-ஆம் பிரிவு அடுக்குகிறது. தாமே மனு இடுவதும் அவற்றுள் ஒன்று. கடன் கொடுத்தவரும் மனு இடலாம். ஆனால் நொடிப்புச் செயல் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் இட வேண்டும். கடன் தொகையின் கீழ்வரம்பு இன்றும் 500 ரூபாய். கடன்பட்டவரின் மனுவில் கடன் கொடுத்தோரின் பெயரும் முகவரியும் தொகையும், தமக்குள்ள சொத்துகளின் விவரமும் மதிப்பும் இருந்தாக வேண்டும் என்பது 13-ஆம் பிரிவு. இந்த இணைப்புப் பட்டியல்தான் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. எந்த நிலம் விடப்பட்டுள்ளது, எந்தக் கடன் ஊதிக் காட்டப்பட்டுள்ளது என்பதை இதிலேயே காண முடியும். மஞ்சள் நோட்டீஸ் பெற்றவர் நோட்டீஸை மட்டும் படித்துவிட்டுப் பட்டியலைப் படிக்காமல் விடுவது பெரும் பிழை.

இரண்டாம் நிலை, நொடித்தவர் எனத் தீர்மானிக்கும் ஆணை. 27-ஆம் பிரிவின்படி பிறக்கும் இவ்வாணை, விடுவிப்புக் கோருவதற்கு ஒரு காலக்கெடுவையும் குறிப்பிடும். ஆணை பிறந்ததும் சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ சேரும். நீதிமன்ற அனுமதியின்றி, பட்டியலில் சேரத்தக்க கடனுக்காக எவரும் அவர்மேல் வழக்கிட முடியாது. பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமை மட்டும் குறையாது. இவ்விளைவு மனுத் தாக்கலான நாளுக்குப் பின்னோக்கிச் செல்லும். ஆகவே தேடுபவர் இரு தேதிகளைக் குறிக்க வேண்டும்: மனு நாள், ஆணை நாள். இடைப்பட்ட காலத்தில் மனுவைப் பற்றி அறியாமல் நல்லெண்ணத்தோடு மதிப்புக் கொடுத்து நடத்திய பரிமாற்றத்துக்கு 55-ஆம் பிரிவு காப்பளிக்கிறது. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் நடந்த சொத்து மாற்றம், திருமணத்துக்கு முன் அதனைக் கருதிச் செய்ததாகவோ மதிப்புக் கொடுத்த நல்லெண்ண வாங்குநர்க்குச் செய்ததாகவோ இல்லாவிடின், 53-ஆம் பிரிவின்படி நீக்கப்படக்கூடியது.

நிலம் வாங்குவோர்க்கு இவ்விடம் முக்கியமானது. சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களைக் காட்டும். நொடிப்பு ஆணையால் சொத்து ரிசீவரிடம் சேர்வதோ சட்டத்தின் இயக்கத்தால் நிகழ்வது; அதற்குப் பத்திரம் எழுதப்படுவதில்லை. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பது, நொடிப்பு வழக்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. விற்பவர் கடன் நெருக்கடியில் இருப்பதாக ஐயம் இருப்பின் நீதிமன்றப் பதிவேட்டையும் பார்த்தே தீர வேண்டும்.

மூன்றாம் நிலையில் கடன் கொடுத்தோர் தம் கடனை மெய்ப்பிக்க, 33-ஆம் பிரிவின்படி கொடுத்தோர் அட்டவணை உருவாகிறது. அட்டவணையில் இடம்பெறாதவருக்குப் பங்கீட்டில் இடமில்லை.

இறுதி நிலை மூன்று வகையாகப் பிரியும். சமரசத் திட்டம் ஏற்கப்படலாம். 41-ஆம் பிரிவின்படி விடுவிப்பு ஆணை கிடைக்கலாம். அல்லது நீக்க ஆணை பிறக்கலாம். குறித்த காலத்தில் விடுவிப்புக் கோராவிடில் தீர்மான ஆணை நீக்கப்பட வேண்டும் என்கிறது 43-ஆம் பிரிவு. விடுவிப்புக்கூட எல்லாவற்றையும் துடைப்பதன்று. அரசுக்குரிய கடனும், மோசடியால் ஏற்பட்ட கடனும், நீதிமன்றம் விதித்த வாழ்க்கைப் பொருளுதவியும் அதன் பின்னும் நிற்கும். ஆகவே தீர்மான ஆணையை மட்டும் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளும் தேடல் அரைகுறையானது. ஒருவரின் இன்றைய நிலையைச் சொல்வது இறுதி நிலை ஆவணமே.

5. தேடும் முறை

தேடலுக்கு மூன்று வாயில்கள் உள்ளன.

மின்னணு நீதிமன்றச் சேவைத் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, தரப்பினர் பெயரின் குறைந்தது மூன்று எழுத்துகளையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். வழக்கு எண் தெரிந்தால் வழக்கு வகையில் ஐ.பி. என்பதைத் தேர்ந்து எண்ணையும் ஆண்டையும் இடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இரண்டிரண்டு எழுத்துகள், நீதிமன்றத்துக்கு இரு இலக்கங்கள், வரிசை எண்ணுக்கு ஆறு, ஆண்டுக்கு நான்கு என்பது அதன் அமைப்பு. பெயரால் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலே பெருந்தடை. 'சண்முகம்' என்பது 'எஸ்' எழுத்தோடு 'எச்' சேர்ந்தும் சேராமலும் பதிவாகியிருக்கும். 'ழ' வரும் பெயர் 'எல்' என்றும் 'இசட்-எச்' என்றும் வரும். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் நிற்கும். எனவே பெயரின் நடுவிலுள்ள, மாறாத மூன்று நான்கு எழுத்துகளைக் கொண்டு தேடுவதும், நிலுவை, முடிந்தது ஆகிய இரண்டையும் சேர்த்துத் தேடுவதும் நல்லது. பொருத்தம் கிடைத்தபின் தந்தை பெயரும் முகவரியும் ஒப்பிடாமல் ஆளை உறுதிசெய்யலாகாது. ஒரே பெயர் கொண்ட வேறொருவரை நொடித்தவராக்குவது தீராத தீங்கு.

இரண்டாம் வாயில் அரசிதழ். தீர்மான ஆணையின் அறிவிப்பு நொடித்தவரின் பெயர், முகவரி, ஆணை நாள், விடுவிப்புக் கெடு, நீதிமன்றத்தின் பெயர் ஆகியவற்றோடு மாநில அரசிதழில் வெளிவர வேண்டும் என்பது 30-ஆம் பிரிவு. வழக்கு எண்ணோ ஆண்டோ தெரியாதபோது இது கைகொடுக்கும்.

மூன்றாவது, நீதிமன்ற அலுவலகத்தின் நொடிப்பு மனுப் பதிவேடு. கணினிமயத்துக்கு முந்தைய வழக்குகளுக்கு வேறு வழியில்லை. அலுவலக நடைமுறை அறிந்த வக்கீல் குமாஸ்தாவின் துணை இங்குப் பெரிதும் பயன்படும். காலத்தையும் கருத வேண்டும். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம்; அதன்பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதி; 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டம். இடைக்காலத்து மேல்முறையீடுகளைத் தேடுவோர் திருச்சிராப்பள்ளியையும் நினைவில் கொள்ளட்டும். மேலும், 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டப்படி, காலம் கடந்த கேஸ் கட்டுகள் விதிகளுக்கு உட்பட்டு அழிக்கப்படுகின்றன. கட்டு அழிந்த பின்னும் பதிவேட்டு வரி எஞ்சியிருக்கலாம். அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

6. நகல் பெறும் முறை

தளத்திலிருந்து இறக்கிய ஆணை, செய்தி அறிவதற்கு உதவும். வங்கியிடமோ பதிவாளரிடமோ வேறு நீதிமன்றத்திலோ காட்டச் சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனுவில் நீதிமன்றம், வழக்கு எண், வேண்டும் ஆவணத்தின் பெயர், தேதி ஆகியவற்றைத் துல்லியமாக எழுதிக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். "வழக்கு ஆவணங்கள் அனைத்தும்" என்று எழுதும் மனு தாமதத்தையே வரவழைக்கும். கேட்கப்படும் கட்டணத்தை உரிய நாளுக்குள் செலுத்தாவிடில் மனு தள்ளுபடியாகும். நகலில் மனுக் கொடுத்த நாளும் நகல் ஆயத்தமான நாளும் குறிக்கப்படும். சார்பு நீதிமன்ற ஆணைமேல் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாள்களே உள்ளன. நகல் பெற ஆன காலம் அதில் கழிக்கப்படும் என்பதால் அத்தேதிகள் மதிப்புடையவை.

வழக்கில் பெயரிடப்பட்ட கடன் கொடுத்தவர் தரப்பினராவார். அவர் நேரே கேட்கலாம். மூன்றாமவர், தேவைக்கான காரணத்தைக் கூறும் பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். "நிலம் வாங்க உள்ளேன், விற்பவரின் உரிமையை அறிய வேண்டும்" என்பது தக்க காரணம். தகவல் உரிமைச் சட்டத்தால் இதைச் சுற்றிச் செல்ல இயலாது. நீதிமன்ற ஆவண நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின் வழியே பெற வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாத தகுதியுடையோர்க்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும்.

7. குறையும் கோரிக்கையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிமனிதர் நொடிப்புப் பதிவேட்டை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் அமைப்பு, பக்கத்துக்கு 10 சென்ட் வீதம் எல்லாத் திவால் வழக்குகளையும் ஓரிடத்தில் தருகிறது. நம் நாட்டில் கம்பெனிகளுக்கு அத்தகைய ஒரே இடம் அமைந்துவிட்டது. திருவரங்குளத்துச் சிறு கடன்பட்டவருக்கும் அவருக்குக் கைமாற்றுக் கொடுத்தவருக்கும் இன்னும் அமையவில்லை. தீர்மானம், விடுவிப்பு, நீக்கம் மூன்றையும் மாவட்டவாரியாக ஒரே பட்டியலில் வெளியிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை வேண்டுகிறோம். மாநில அரசின் முன் ஒப்புதலோடு விதி வகுக்கும் அதிகாரத்தை 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு அதற்கு ஏற்கெனவே அளித்திருக்கிறது.