படுக்கையிலிருந்து கண்ட வழிபாடு

1252ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா இரவு. அசிசி நகர மதிலுக்கு வெளியே சான் தமியானோ மடத்தில் கிளாரா நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். உடன் வாழ்ந்த சகோதரியர் இரவுச் செபத்திற்குச் சென்றுவிட்டனர். தனித்திருந்த அவரது செவியில், தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தின் பாடலும் இசையும் கேட்டன. பாலன் இயேசுவின் குடிலும் கண்முன் தோன்றிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். நவம்பரில் நடந்த புனிதர் பட்ட விசாரணையில் இந்நிகழ்ச்சியை மடத்துச் சகோதரியரே சான்றுரைத்தனர். இதனை நினைவிற்கொண்டே திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

எட்டாத் தொலைவில் நடப்பதை இருந்த இடத்திலேயே காணும் ஆவல் அத்துணைப் பழமையானது. அதற்கான கருவிகளைத் திருச்சபை அஞ்சி ஒதுக்கியதில்லை. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில் 11ஆம் பத்திநாதர் உலகோடு பேசினார். 1948இல் பாரிசு நோத்ர தாம் பேராலயத்தின் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இறையியலாளர் கார்ல் ரானர் போன்றோர் இதற்கு உடன்படவில்லை. தூய மறைபொருளைப் பார்ப்போர் யாவர்க்கும் காட்சிப்பொருளாக்கலாமோ என்பது அவர்களுடைய தயக்கம். அத்தயக்கத்தைப் பழமைவாதம் என்று நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

இணையவழி நேரலையோ வானொலி, தொலைக்காட்சிகளினின்று வேறுபட்டது. ஒலிபரப்புக் கோபுரம் எழுப்பும் அலை அனைவரையும் ஒருங்கே சென்றடைகிறது. இணையத்திலோ செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கிடைத்த வழியில் போகின்றது. முன்னது பின்னாகவும் வந்து சேரும், சில வாராமலே போகும். மடலுக்கு இதனால் கேடில்லை; கணினி காத்திருந்து அடுக்கிக்கொள்ளும். அசையும் படம் காத்திராது. ஆகவே தொடக்கக் காலத்தில் முழுப் படத்தையும் கணினியில் இறக்கிக்கொண்ட பின்னரே காண முடிந்தது. தொலைபேசிக் கம்பிவழியே நொடிக்கு 28,800 பிட்டுகள் வந்த அந்நாளில், சில நிமிடப் படத்திற்கே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. வந்தவரை காட்டிக்கொண்டே மிச்சத்தைப் பெறுவதுதான் ஸ்ட்ரீமிங் என்னும் முறை. நகராட்சிக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், மாடித் தொட்டியில் சேர்த்துவைத்தால் வீட்டுக் குழாயில் சீராக விழுகிறதன்றோ? அதுபோலச் சில நொடிக் காட்சியைக் கருவி முன்கூட்டியே சேமித்துக்கொள்கிறது. தொட்டி வற்றும்போதுதான் திரையில் அந்த வட்டம் சுழல்கிறது.

இதன் பிறப்பு அவ்வளவு மாண்புடையதன்று. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தார், காப்பிக் கூசாவில் காப்பி உண்டா என்பதைப் படியேறாமல் அறிந்துகொள்ள அதன்முன் ஒளிப்படக் கருவியொன்றை நிறுத்தினர். நிமிடத்திற்கு மூன்று நிழற்படம், அவ்வளவே. 1993இல் அது உலகுக்கே காட்சியாயிற்று. அதே ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வு மையத்தில், 'சிவியர் டயர் டேமேஜ்' என்னும் இசைக்குழுவின் நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாக ஓடியது. ஆஸ்திரேலியாவிலும் அதைக் கண்டனர். 1995இல் ரியல்ஆடியோ ஒலியையும், 1997இல் ரியல்வீடியோ காட்சியையும் பொதுமக்களின் கணினிக்குக் கொண்டுவந்தன. 2005இல் யூடியூப் தோன்றியது. பின்னர்க் காட்சியைச் சில நொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் ஆயத்தமாக வைக்கும் முறை வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அதை வெளியிட்டது. அலைவரிசை மெலிந்த சிற்றூரிலும் படம் மங்குமேயன்றி நின்றுபோகாமைக்கு இதுவே காரணம்.

இதன் பயன்களை விரித்துரைக்க இடமில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை எவ்வூர் மாணவனும் இருந்த இடத்திலேயே கேட்கிறான். 2022 செப்டம்பர் 27 முதல் உச்சநீதிமன்ற அரசியலமைப்பு அமர்வின் விசாரணையைக் குடிமக்கள் வீட்டிலிருந்தே காண்கின்றனர். நம் நெஞ்சைத் தொட்ட பயன் வேறொன்று.

2020 மார்ச் 27 மாலை. மழையில் நனைந்த புனித பேதுரு வளாகம். ஒருவரும் இல்லாத அப்பெருவெளியில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்துவந்தார். புயலை அடக்கிய ஆண்டவரைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. நற்கருணை ஆசீர் அளிக்கப்பட்டது. ஆலயங்கள் அடைபட்ட அந்நாள்களில் சாந்தா மார்த்தா இல்லத்தில் அவர் நிறைவேற்றிய காலைத் திருப்பலியும் நாள்தோறும் நேரலையாயிற்று. நம் பங்குகளிலும் முக்காலியொன்றின்மேல் கைப்பேசியை நிறுத்திக் குருக்கள் திருப்பலி நிறைவேற்றினர். ஒலி சில வேளை முந்தும், படம் பிந்தும். எனினும் வீட்டில் விளக்கேற்றி, முழந்தாளிட்டுப் பங்கேற்ற குடும்பங்கள் பல.

ஆயினும் அதே திருத்தந்தை ஏப்ரல் 17ஆம் நாள் மறையுரையில், மக்களும் அருளடையாளங்களும் இன்றித் திரைவழியே மட்டும் வாழும் நம்பிக்கை ஆபத்தானது என எச்சரித்தார். வெறுமையான பேராலயத்தில் உயிர்ப்பு விழாவைக் கொண்டாடுவது குறித்து ஆயர் ஒருவர் தம்மைக் கண்டித்ததையும் மறையாமல் கூறினார். நேரலையில் பேசிய ஒருவரே அதன் எல்லையையும் சொன்னது நமக்கு மதிப்பிற்குரியதாகப் படுகிறது.

கதவுகள் திறந்தபின் எழுந்தது மெய்யான சிக்கல். நேரலை தொடர்ந்தால், நடக்க வல்லவரும் நாற்காலியை விட்டு எழார் என்று சிலர் அஞ்சினர். சில இடங்களில் கருவி அகற்றப்பட்டது. அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் எழ வல்லவரின் சோம்பலுக்கு எழ இயலாதவரா தண்டனை பெறுவது? பக்கவாதத்தில் கிடக்கும் மூதாட்டிக்கு அந்தக் கருவி வருமுன்னும் ஞாயிறு வெறுமையாகவே இருந்தது. இடையில் சில மாதங்களே தம் பங்கின் மணியோசையை அவர் மீண்டும் கேட்டார். கருவியை அகற்றியவர்கள் அவர் இல்லத்திற்கு யாரை அனுப்பினார்கள் என்பதே நாம் கேட்க விழைவது.

கிளாராவின் வரலாற்றிற்கு மற்றொரு வடிவமும் உண்டு. சகோதரியரின் சாட்சியத்தில் அவர் கண்டார், கேட்டார்; அவ்வளவே. 14ஆம் நூற்றாண்டில் உருவான புனித பிரான்சிஸின் 'சிறு மலர்கள்' என்னும் நூலிலோ, ஆண்டவர் அவரைப் புதுமையாக அவ்வாலயத்திற்கே கொண்டுசேர்க்கிறார். அங்கே திருப்பலியில் பங்குகொண்டு, நன்மை வாங்கி, மீண்டும் தம் படுக்கைக்குத் திரும்புகிறார். முந்தையதே வரலாற்றுக்கு நெருங்கியது. எனினும் பிந்தைய தலைமுறையின் பக்தி வெறுங்காட்சியோடு மனநிறைவு கொள்ளவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இவ்விரண்டிற்கும் நெடுங்காலம் முன்னரே, 2ஆம் நூற்றாண்டின் நடுவில், உரோமையில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும் என வரிசையாகச் சொல்லிவருபவர், வர இயலாதவரையும் மறக்கவில்லை: அவர்களுக்குரிய பங்கைத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கின்றனர் என்கிறார்.