தோளில் இருக்கும் கை

குடும்பப் புகைப்படத்தை ஆவணம் என்று நம்புகிறோம். ஆவணம்தான். ஆனால் குடும்பம் எப்படி இருந்தது என்பதைவிட, தன்னைப் பற்றி எதை ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தது என்பதையே அது அதிகம் சொல்கிறது. சென்ற மாதம் விருதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தை அக்காள் மகன் செல்போனில் 'சரிசெய்ய' உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

1968இல் உள்ளூர் ஸ்டுடியோவில் எடுத்த படம். மிளகாய் மண்டியில் கணக்கு எழுதிய தாத்தா, அப்பத்தா, இரண்டு சித்தப்பாக்கள், வலது ஓரத்தில் எட்டு வயது அப்பா. அப்பாவின் தோளில் ஒரு கை இருக்கிறது. இரண்டு கண்ணாடி வளையல்கள் தெரிகின்றன. அவற்றுக்கு மேலே படம் இல்லை.

பையன் பூஞ்சைக் கறைகளை நீக்கினான். சாய்ந்திருந்த தூணை நிமிர்த்தினான். மேலே வீணாகக் கிடந்த திரைச்சீலையை வெட்டி முகங்களை அருகே கொண்டுவந்தான். படம் மேம்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பிறகு கேட்டான்: "மாமா, இந்தக் கை யாருது? எடுத்திரவா?"

கை அத்தையுடையது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினாள். ஸ்டுடியோவுக்குக் கொடுத்த பணமே அவளுடைய ஒட்டுக்கூலி என்று அப்பத்தா ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். 1976இல் அத்தை வேறு சாதிக்காரர் ஒருவரை விரும்பி மணந்தாள். அந்த வாரமே படம் கண்ணாடி போடும் கடைக்குப் போய், நாலு விரல்கடை குறுகித் திரும்பி வந்தது. சட்டம் சின்னது என்பது வீட்டில் சொல்லப்பட்ட காரணம். நான் பி.ஏ. முடிக்கும்வரை அதை நம்பினேன்.

படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டரோடு வந்த வித்தை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1857இல் ரெய்லாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே படமாக்கிக் காட்டினார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ராபின்சன், மரணப்படுக்கையில் ஒரு பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தையும் ஐந்து நெகடிவ்களிலிருந்து உண்டாக்கினார். அப்படி ஒரு குடும்பம் எங்கும் இருந்ததில்லை; ஆனால் பார்த்தவர்கள் கலங்கினார்கள். நம் ஸ்டுடியோக்களிலும் ரீடச்சிங் என்பது தனித் தொழில். நெகடிவில் கூரிய பென்சிலால் தொட்டால் பிரதியில் அந்த இடம் வெளுக்கும். பிளேடால் சுரண்டினால் கறுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணடிக் கருவளையமும் இப்படித்தான் மறைந்தன. இதற்கெல்லாம் தேர்ந்த கை வேண்டும். வெட்டுவதற்கு ஒன்றும் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். ரீடச்சிங்கை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஓரமாக வெட்டியதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏதாவது மிஞ்சினாலொழிய.

சோவியத் யூனியனில் போலீஸ் கமிஸாராக இருந்த யெஷோவ், மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நடந்துவரும் படம் ஒன்று உண்டு. அவர் வீழ்ந்து 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிந்திய பிரதிகளில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டும் இருக்கிறது. அதற்கு ஒரு அரசாங்கம் தேவைப்பட்டது. நம் வீடுகளில் பெரியவர் ஒருவரின் மௌனம் போதும்.

எல்லா வெட்டும் வெறுப்பில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் 1917 வாக்கில் எடுத்த குடும்பப் படத்தில் பாரதி செல்லம்மாளோடும் மகள்களோடும் இருக்கிறார். நம் மனதில் பதிந்திருப்பதோ குடும்பத்திலிருந்து பிரிந்த ஒரு முகம். ஓவியர் ஆர்யா வரைந்து, எண்ணற்ற அச்சுப் பிரதிகளில் பரவிய முண்டாசும் மீசையும். வணங்குவதற்கு ஒருவர் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேவையைச் சிவகாசி நன்றாக அறியும். 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) போன்றோரின் தெய்வங்கள் காலண்டராகி வீடுதோறும் போயின. அந்த லேபிள்களை ஒட்டிய கைகள் எந்தப் படத்திலும் வரவில்லை.

இதே மாவட்டத்தில் கத்தரிக்கோல் எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். செத்தவருக்குத் தனிப்படம் இல்லாத வீடுகளில், யாரோ ஒருவருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்துதான் முகத்தைப் பிய்த்தெடுக்கிறார்கள். இந்த வெட்டு ஒருவரைக் காப்பாற்றுகிறது. ஆனால் குரூப் போட்டோவில் ஒரு முகத்துக்கு 200 புள்ளி அகலம் கிடைத்தால் அதிகம். அதை எட்டு அங்குலத்துக்குப் பெருக்கினால் அங்குலத்துக்கு 25 புள்ளி. நல்ல அச்சுக்கு 300 வேண்டும். மீதியை இப்போது இயந்திரம் ஊகித்து நிரப்புகிறது. எங்கெங்கோ பார்த்த கண்களின் சாயலில் ஒரு கண்ணை வைக்கிறது. தெளிவாக இருக்கிறது, ஆள்தான் மாறிவிடுகிறார். வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலை. மிகச் சுத்தமாக இருக்கும் கையெழுத்தைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம்.

அத்தை மூன்று வருஷத்துக்கு முன் சிவகாசியில் இறந்துபோனாள். அவள் வீட்டுச் சுவரில் இருப்பது பாஸ்புக்கில் ஒட்டியிருந்த படத்தின் பெருக்கம். அறுபது வயது, மிரண்ட பார்வை. சின்ன வயசுப் படம் ஏதும் உண்டா என்று அவள் மகள் கேட்டு வந்ததால்தான் நாங்கள் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். அசல் நெகடிவுக்கு வழியில்லை. ஸ்டுடியோ மூடி நெடுங்காலமாகிவிட்டது.

பையன் ஒரு யோசனை சொன்னான். படத்தை வலப்பக்கம் நீட்டச் சொன்னால் இயந்திரமே மீதியைப் போட்டுவிடும். போட்டது. வளையல் கைக்கு மேல் முழங்கை, பாவாடை தாவணி, இரட்டைச் சடை, லேசான சிரிப்பு. பின்னால் தூண்கூடத் தொடர்ந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று. ஐம்பது வருஷத்துக் குற்றம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்ட நிம்மதி அந்த அறையில் இருந்ததை நான் கவனித்தேன்.

மதினி வெகுநேரம் பார்த்தாள். "பிள்ளை லட்சணமா இருக்கா. ஆனா எங்கம்மா இல்லையே தம்பி" என்றாள். பிறகு கையை மட்டும் விரலால் தொட்டு, "இது அம்மாதான்" என்றாள். சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கும். எனக்கு அதுவரை தெரியாது.

கறையை நீக்கியதும் தூணை நிமிர்த்தியதும் அப்படியே இருக்கட்டும் என்றேன். இயந்திரம் போட்ட பெண்ணை அழித்தோம். கையை விட்டுவைத்து, வலப்பக்கம் நாலு விரல்கடை வெற்றுத்தாளாக விட்டு இரண்டு பிரதிகள் அச்சிட்டோம். ஒன்று சிவகாசிக்குப் போனது. மற்றது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துக் கேட்கிறார்கள். அப்பா இருந்தால் அவர்தான் பதில் சொல்கிறார்.